செடில் குத்திய இடங்கள்

செல்வநாயகத்தின் முழங்கைகளில் வெண்பொருக்கு உதிரும் சிவந்த படைகள் தோன்றின. அவை குணமாகி மாறினால் மூன்று ஆண்டுகள் காவடி எடுப்பதாக அவர் முருகனுக்கு நேர்ந்தார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தையும் பூசினார். படைகள் மாறின. மருந்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

முதலாம் ஆண்டு, முதுகுத் தோலில் செடில் எனப்படும் கொக்கி முட்களைக் குத்தி, அவற்றில் கட்டிய கயிற்றை மருமகன் பின்னால் பிடிக்க, கோயில் வீதியை ஆடிச் சுற்றினார். திருவிழா முடிந்து சில கிழமைகளில் முதுகிலும் படைகள் தோன்றின. முட்கள் குத்திய இடங்களில் மட்டும், இரு நேர் வரிசைகளாக.

“முருகனுக்கு இவ்வளவு காணேல்லை. வாற முறை இன்னும் ரண்டு வரிசை குத்தோணும்” என்றார்.

மனைவி பராசக்தி அவரைத் தோல் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார்.

“உது தொற்று இல்லை, ஐயா,” என்றார் டொக்டர் நிவேதனா. “நோயைக் கலைக்க உடம்பிலை இருக்கிற காவல், ஆள் மாறித் தன்ரை தோலோடையே சண்டை பிடிக்குது. தொண்டை நோ, மனக்கவலை, சில மருந்துக் குளிசையள் அதைக் கிளப்பிவிடும். காயம் பட்ட இடத்திலையும் வரும். உங்களுக்கு ஏதும் காயம் பட்டதோ?”

“இல்லை.”

அவர் பொய் கூறவில்லை. காவடி எடுப்பவருக்குக் காயம் உண்டாவதில்லை என்பதை அவரது ஊரில் எவரும் மறுத்ததில்லை.

“சட்டையைக் கழட்டுங்கோ.” முதுகைக் கண்ட டொக்டர் இரு வரிசைகளையும் விரலால் தொடர்ந்தார். “செடிலோ?”

“ஓம்.”

“இனியும் குத்தினால், குத்தின இடமெல்லாம் வரும்.”

“நேர்த்தியை விட ஏலாது, பிள்ளை.”

அப்பொழுதுதான் பராசக்தி வாய் திறந்தார். “நீங்கள் நேர்த்தி வைக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். காவடி எண்டுதான் சொன்னனீங்கள். அயல்வீட்டுச் சீவரத்தினம் அண்ணை முதுகிலை குத்துறார் எண்டு செடிலை நீங்களாச் சேர்த்தது. அது முருகனுக்கும் தெரியும்.”

செல்வநாயகம் சட்டையை அணிந்து, கடைசிப் பொத்தானைப் பூட்டும்வரை சிந்தித்தார்.

இரண்டாம் ஆண்டு காவடியைத் தோளில் மட்டும் சுமந்தார்.

“என்ன செல்வநாயகம், முதுகை வீட்டிலை விட்டிட்டோ வந்தனீர்?” என்று சீவரத்தினம், தன் செடிற்கயிறு இறுகி நிற்கையிலேயே கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர்.

“ஓம். அது லீவிலை நிக்குது.”

சில கிழமைகளில் அவரது வலத்தோளில், காவடித் தண்டு உராய்ந்த இடத்தில், ஒரு படை தோன்றியது.

“காயம் ஏதும் பட்டதோ?” என்று டொக்டர் மீண்டும் வினவினார்.

செல்வநாயகம் பராசக்தியைப் பார்த்தார். பராசக்தி மின்விசிறியைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார் செல்வநாயகம். “சின்னன். வாற வருசம் தண்டுக்குக் கீழை சால்வையை மடிச்சு வைச்சால் காணுமோ, பிள்ளை?”