ஐம்பதில் ஓடும் நரி

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் மேடையில் மண்டியிட்டு, வீடியோ விளையாட்டுக் கேசட்டின் அடியில் இருக்கும் செப்புப் பற்களை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடை என்று பெயர்தானே தவிர, பின்லாந்தின் மிக்கேலி நகரப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பலகைகளை அடுக்கி, மேலே ஒரு பழைய சோபாவைத் தூக்கிப் போட்டிருந்தோம். கீழே நானூறு பேர், அத்தனை பேரும் காலுறையோடு. கூடத்தின் தரை கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்துக் காவலாளி பனிச் சப்பாத்துகளை வாசலிலேயே கழற்ற வைத்துவிட்டார். பிப்ரவரி மாதம். நானூறு ஜோடி ஈரக் காலுறைகளின் வாசனையும் காப்பி வாசனையும் கலந்து அடித்தது. எனக்கு அது பிடிக்கும். வருடத்தில் மூன்று நாள் நான் சுவாசிக்க விரும்பும் காற்று அதுதான்.

நான் இல்போ. பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறேன். உண்மையான வேலை இது. பதினான்கு பழைய டப்பா டிவிகள், அவற்றில் மாட்டி ஆடும் ஒன்பது விளையாட்டுப் பெட்டிகள், எண்ண முடியாத வயர்கள் எல்லாவற்றையும் என் வேனில் ஏற்றி வந்து, பழைய விளையாட்டுகளை யார் சீக்கிரம் முடிப்பது என்று இவர்கள் மேடையில் மோதிக்கொள்ள வகை செய்து தருகிறேன். பதினோரு வருடமாக என் மேசையிலிருந்து போன ஒரு பெட்டிகூட மேடையில் படுத்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் வரும், வரட்டும். தட்டை டிவியில் இந்த விளையாட்டுகளை ஆடுகிறவர்களோடு நான் பேசுவதே கிடையாது. பொத்தானை அழுத்திய பிறகு அது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படத்தைக் காட்டும். டப்பா டிவி யோசிக்காது.

அன்றைக்கு மூன்று மணி ஓட்டம் என் அக்கா துய்ரேயுடையது. வயது ஐம்பத்தொன்று, நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ‘கரி நரி’ என்ற விளையாட்டை முப்பது வருடத்துக்கு மேலாக ஆடுகிறாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒரு நரி விளக்குகளைச் சேகரித்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும், அவ்வளவுதான் கதை. அதை முப்பத்திரண்டு நிமிடம் நாற்பத்து நான்கு நொடியில் முடித்து, ஒன்பது வருடமாக உலக அட்டவணையில் முதலிடத்தில் இருக்கிறாள். அவள் ஓட்டும் பேருந்தில் ஏறுகிற யாருக்கும் இது தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள்.

இதில்தான் ஒரு வில்லங்கம். எங்கள் பக்கத்து டிவிகள் நொடிக்கு ஐம்பது படம் காட்டியவை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அறுபது. அவர்கள் அறுபதுக்குச் செய்த விளையாட்டை அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு எங்களுக்கு விற்றார்கள். அது எங்கள் டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடியது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. நரி என்றால் அந்த வேகத்தில்தான் ஓடும் என்றுதான் நினைத்தோம். ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன் வரை ஒரு தலைமுறையே அப்படி நினைத்துத்தான் வளர்ந்தது. அதனால் அட்டவணை இரண்டு: ஐம்பதுக்கு ஒன்று, அறுபதுக்கு ஒன்று. அறுபதின் முதலிடம் மெல்கெர் என்ற ஸ்வீடன்காரனுக்கு. வெஸ்டரோஸ் ஊர்க்காரன், இருபத்தாறு வயது, கெட்டிக்காரன். அட்டவணையை நிர்வகிக்கும் ஐந்து பேரில் அவனும் ஒருவன். ஐம்பது அட்டவணையை மொத்தமாகத் தூக்கிவிட வேண்டும் என்று செப்டம்பர் மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தான். ‘மெதுவாக ஓடினால் எவனும் குதிப்பான், அது பந்தயம் இல்லை, உடம்பு தேறி வருகிறவர்களின் உலாத்தல்’ என்பது அவன் வாசகம். ஞாயிற்றுக்கிழமை ஐவரும் வாக்களிப்பதாக இருந்தது. தூக்கிவிட்டால் துய்ரேயின் ஒன்பது வருடம் ஒரு வரிகூட மிஞ்சாமல் போகும். அவள் ஒரு பதிலும் எழுதவில்லை. எல்லார் கண் முன்னாலும் முப்பத்திரண்டரை நிமிடத்துக்குள் முடித்துக் காட்டுகிறேன், அதைப் பார்த்துவிட்டு வாக்களிக்கட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்காக நான்கு மாதம் காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் எழுந்து பழகினாள்.

துய்ரேக்கு முந்தைய ஓட்டம் அந்த மெல்கெருடையது. கப்பல் படிக்கட்டில் பை தவறி விழுந்து அவன் பெட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. மதியம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். எதிரியின் பெட்டி செத்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் செத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. துய்ரேயின் பெட்டியையே எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். போன இலையுதிர் காலத்தில் அதன் பின்னால் நானே ஒரு சிறு ஸ்விட்ச் வைத்திருந்தேன், ஐம்பதுக்கும் அறுபதுக்கும் மாற்றிக்கொள்ள.

“அக்காகிட்ட கேக்க வேணாமா?” என்றான் மெல்கெர்.

“கேட்டா குடுக்கத்தான் சொல்வா. வாய்தான் ஊமை, மனசு இல்ல. ஆனா உன்னோட அந்த உலாத்தல் கட்டுரைய நான் மறக்கல, தம்பி.”

“நீங்க மறக்க வேணாம். எனக்கு இன்னும் சரின்னுதான் தோணுது,” என்றான். பொய் சொல்லாததற்காக அவனைக் கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

அவன் இருபத்தாறு நிமிடம் ஐம்பத்தொன்பதில் முடித்தான். நல்ல ஓட்டம். அவன் இறங்கியதும் எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. கேசட்டைத் துடைத்தேன். துய்ரேயின் கன்ட்ரோலரை மாட்டினேன். வயரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். திரையில் ஒட்டியிருந்த தூசியைக்கூட மயிர்த் தூரிகையால் தட்டினேன். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆடுகிறவர் ஆடும்போது பக்கத்தில் ஒருவர் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்வது இங்கே வழக்கம். நிகழ்ச்சியை நடத்தும் சைமி எண்ணினாள்: “மூணு, ரெண்டு, ஒண்ணு!” கடிகாரம் ஓடத் தொடங்கியது.

படம் திரை முழுக்க நிறைந்து வந்தது. மேலே பட்டை இல்லை. கீழே பட்டை இல்லை.

சுரங்கத்துப் பாட்டு தடதடவென்று ஓடிற்று. துய்ரேக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது. அவள் தோள்கள் மேலே ஏறின, நரி முதல் படியிலேயே முட்டிக்கொண்டது. நான் மைக்கைக் கையால் பொத்தினேன்.

“இல்போ.”

“தெரியுது.”

“அறுபதுலயா விட்டிருக்கே?”

“என் தப்புதான். மாத்த மறந்துட்டேன். நிறுத்திடலாம், நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

நிறுத்தினால் ஓட்டம் போச்சு. தவறு யாருடையதானாலும் மறு ஓட்டம் கிடையாது. மூன்று முப்பத்தைந்துக்கு அடுத்தவர் ஏற வேண்டும், சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, நேரம் தவறினால் கிடையாது.

“வாய மூடிட்டு உன் வேலையப் பாரு. வண்டி கிளம்பியாச்சு, பாதி ரோட்ல யாரையும் இறக்கிவிட முடியாது,” என்றாள் துய்ரே.

என் வேலை பேசுவது. செப்புப் பற்களைப் பற்றி ஏதோ உளறினேன். இரண்டாவது கட்டத்துக்குள் நரி இரண்டு உயிரை விட்டிருந்தது. அவள் விரல்களில் முப்பது வருடத்து ஐம்பது ஊறியிருந்தது. குதிக்க வேண்டிய இடத்துக்கு அவள் விரல் வரும்போது அந்த இடம் கடந்து போயிருந்தது. ஆடும்போது அவள் உதட்டுக்குள் எண்ணுவாள், சின்ன வயதிலிருந்தே. நான் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டத்தில் எண்ணுவதை நிறுத்தினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பழக்கத்தை நம்பாமல், கண்ணை மட்டும் நம்பி ஓட்டத் தொடங்கினாள். தொங்கும் வாளிகள் மேல் நரி ஒவ்வொன்றாகத் தாவிற்று. ஏழு வாளி. ஒன்றும் தப்பவில்லை. அடுத்த கட்டத்தில் பாறை விழுவதற்கு முன்பே அதற்கடியில் புகுந்து வெளியே வந்தாள். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, இன்னொரு பக்கம் இவள் என் அக்கா என்று கூரை மேல் ஏறிக் கத்த வேண்டும் போல இருந்தது. முதல் வரிசையில் மெல்கெர் சாசேஜ் தின்பதை நிறுத்தியிருந்தான். பட்டை இல்லாததை அவன் கவனிக்காமல் இருப்பானா! ஆனால் வாயைத் திறக்கவில்லை. முழங்கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்துவிட்டான்.

நரி கடைசி விளக்கோடு வெளிச்சத்துக்கு வந்தபோது கடிகாரத்தில் இருபத்தெட்டு நிமிடம் ஆறு நொடி.

“நாலரை நிமிஷம்!” என்று சைமி கூவினாள். “உலக சாதனைய நாலரை நிமிஷம் குறைச்சுட்டாங்க நம்ம துய்ரே!” எங்கள் ஆட்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அன்று எழுந்தார்கள். காலைத் தரையில் உதைத்தார்கள், காலுறை என்பதால் சத்தமே வரவில்லை.

மைக் என் கையில் இருந்தது. துய்ரே என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் நான் யோசித்தேன், மறைக்க மாட்டேன். பதினோரு வருடத்துப் பெயர் போய்விடும். அவளுக்குக் கிடைக்கும் இந்தக் கைதட்டலும் போய்விடும். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இது சாதனை இல்ல,” என்றேன். “பெட்டி அறுபதுல ஓடியிருக்கு. ஸ்விட்ச்ச மாத்த மறந்தது நான். அவளுக்கு முதல் நொடியிலயே தெரியும். நான் நிறுத்தச் சொன்னேன், அவதான் நிறுத்தல.”

துய்ரே என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவள் மைக்கில் பேசி யாரும் பார்த்ததில்லை.

“எழுதிக்காதீங்க. என் அட்டவணை வேற,” என்றாள்.

முதல் வரிசையில் மெல்கெர் எழுந்தான். “அறுபதுல இதுக்கு முன்னால ஆடியிருக்கீங்களா?”

“இல்ல.”

“வீட்ல, சும்மா, ஒரு தடவகூட?”

“எதுக்கு? எனக்கு அது வேணாம்.”

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். “எனக்கு இருபத்தெட்டரைக்குக் கீழ வர ஒன்றரை வருஷம் ஆச்சு,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் யாராவது என்னை லிஃப்ட்டில் ஏற்றியிருந்தால் கயிறு தேவைப்பட்டிருக்காது.

சைமி சுவரில் இருந்த நேரப் பட்டியலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “சீக்கிரம் முடிச்சதுல ஆறு நிமிஷம் சும்மா கிடக்கு. அடுத்தவர் இன்னும் காப்பி வரிசையில நிக்கிறார். நான் இப்ப என்ன பண்றது?”

துய்ரே எழுந்து பெட்டியின் பின்னால் கையை விட்டாள். ‘டிக்’ என்றது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்து உட்கார்ந்தன. பாட்டு நிதானத்துக்கு வந்தது. ஆட்டத்தை முதலிலிருந்து போட்டுவிட்டு அவள் கன்ட்ரோலரை நீட்டினாள்.

“வா, மெல்கெர். எவனும் குதிப்பான்னு எழுதினியே. குதி.”

கூட்டம் சிரித்தது. அவன் சிவந்த முகத்தோடு ஏறி வந்து, நான் இடம் விட்டு நகர, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான். முதல் கட்டம், முதல் பள்ளம். நிலக்கரித் தள்ளுவண்டி ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், அதன் மேல் குதித்துத்தான் அக்கரை போக வேண்டும். அங்கே விழுகிறவர்கள் புதிதாக ஆடும் பிள்ளைகள்தான். மெல்கெர் குதித்தான். வண்டி வரவில்லை, நரி பள்ளத்துக்குள் போயிற்று. மறுபடி குதித்தான், மறுபடி போயிற்று.

“வண்டி ரொம்ப லேட்டா வருது,” என்று முணுமுணுத்தான்.

“வண்டி சரியாத்தான் வருது. நீதான் சீக்கிரம் வந்துட்டே,” என்றாள் துய்ரே.

கடைசி உயிர். நரி பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றது. மெல்கெரின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே ஒரு மயிரிழை உயரத்தில் நின்றது. துய்ரேயின் உதடுகள் மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தன. இருட்டுக்குள்ளிருந்து தள்ளுவண்டியின் முன்சக்கரம் எட்டிப் பார்த்தது.

“பொறு,” என்றாள். “இன்னும் பொறு.”