உதிரி ஃபியூஸ்

1

மாலை நாலு பத்துக்கு எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றது. இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது. அடிக்குழியில் இறங்கும் முன் மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஃபியூஸ். மொட்டைமாடி மெஷின் ரூமிலிருந்து பிடுங்கி வந்தது. கூட வந்தவர் அங்கேயே இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“நான் கீழ கிடக்கும்போது யாராவது தெரியாம கரண்ட் குடுத்துட்டா பெட்டி எம்மேல இறங்கிடும். இறங்கறவன் பையிலதான் ஃபியூஸ் இருக்கணும். எங்க வழக்கம் அது.”

“மேல இருக்கறவர்கிட்ட இன்னொண்ணு இருந்தா?”

சிரித்தார். “மேல இருக்கறது என் தங்கச்சி புருஷன் சார்.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல எங்க ஒருத்தனுக்கும் அப்படித் தோணினதில்ல. உங்களுக்கு எப்படி சார் தோணிச்சு?”

2

அவர்கள் வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். என் கதையில் இன்னும் முடிக்கவில்லை. மச்சான் குழியில். மாப்பிள்ளை மேலே, தனியாக. அவன் கருவிப் பையில் ஓர் உதிரி ஃபியூஸ். (வைத்தது நான்.)

அதை அவன் பொருத்தக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும் மச்சான் அவனை ஒருநாள் – வேண்டாம். தங்கைக்குச் சேர வேண்டிய வீட்டை மச்சான் – அதுவும் வேண்டாம். காரணம் கொடுத்தால் பாதிப் பழி அதன் மேல் போய்விடும்.

கடவுள் மனிதனைச் சுதந்திரமாக விட்டார், தீமை அவனே தேர்ந்தது என்பார் மதகுரு. மாப்பிள்ளையின் மனைவி அதை நம்புகிறாள். அவள் நம்புவதால் அவனும். சரி, நானும் அப்படியே விடுகிறேன். பகை இல்லை. பார்ப்பவர் இல்லை. பை திறந்திருக்கிறது.

3

முதல் வரைவில் அவன் பையை மூடிவிட்டான். அடுத்ததிலும். இருவரும் கை கழுவி வீட்டுக்குப் போனார்கள். கதை இல்லை, கிழித்தேன். அவன் நல்லவனாக இருந்த ஒவ்வொரு முறையும் கிழித்தேன் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

இந்த வரைவில் அவன் கை பைக்குள் போயிருக்கிறது.

கயிறுகள் தொங்கும் இருட்டு வழியே கீழிருந்து குரல் வருகிறது.

“மாப்ள, மேல என்னடா பண்ற?”

“சும்மாதான் மச்சான்.”

“தூங்கிடாத. உன் குறட்டைக்கே பெட்டி இறங்கிடும்.”

அவன் சிரிக்கிறான். ஃபியூஸ் விரலிடுக்கில் இருக்கிறது. (அந்தச் சிரிப்பு நான் எழுதியதல்ல. எழுதினேன்தான். நினைத்து எழுதவில்லை.)

4

அவன் பொருத்துகிறான். பெட்டி இறங்குகிறது. சாவு வீட்டில் மனைவி, “அது அவர் இல்ல. அவருக்குள்ள சாத்தான் பூந்துடுச்சு” என்கிறாள். அவனே தேர்ந்தான் என்கிறார் மதகுரு. என்னை யாரும் விசாரிப்பதில்லை.

அல்லது, உதிரி ஃபியூஸைக் கதையிலிருந்தே அடித்துவிடலாம். மச்சான் பிழைப்பார். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவனை நல்லவன் என்று எப்படி

அல்லது அவன்

பேனாவை வைத்துவிட்டேன். கீழே மச்சான் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். அவன் ஃபியூஸோடு திரும்பி என்னைப் பார்க்கிறான்.

“பையிலயே வச்சிடறது எனக்குக் கஷ்டமில்ல சார். ஆனா படிக்கறவங்களை ஒண்ணு கேளுங்க. நான் முதல்லயே வச்சிருந்தா, இவங்க இவ்வளவு தூரம் வந்திருப்பாங்களா?”