ஊர் எது என்று கேட்டார்கள்

டேலியாச் செடி தலை கனத்துச் சாய்ந்துவிட்டது. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி ஒன்றைப் பக்கத்தில் ஊன்றி, சேலைக் கிழிசலால் அம்மாக்கண்ணு அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை, வரிசை வீடுகளான லயத்தின் படியேறி வந்தார். பங்குனி மாதத்து மழை. காலையில் வெயில் காட்டிவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் மேட்டு மலையிலிருந்து இறங்கிவந்து இருட்டும்வரை விடாது. சோலைமலை குடையை மடக்காமலே நின்றார். சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த பழுப்பு உறையை எடுத்தார்.

"கந்தப்பன் எங்க?"

"உள்ள இருக்காரு. உக்காருங்க தலைவரே, தேத்தண்ணி ஊத்துறேன்."

"தேத்தண்ணி இருக்கட்டும். அவன வரச் சொல்லு."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் டேலியாவைப் பார்த்துச் சொன்னார்.

சிலோன் பிரஜாவுரிமைக்கு மனு போட்டு நான்கு வருடமாகிறது. ஐம்பத்தொன்றில் போட்டது. போன மாதந்தான் தோட்டத்து ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் புருசன் கந்தப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்வந்தான். கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வேலாயி போன வழிதான். வேலாயி அம்மாக்கண்ணுவின் தங்கை. அவளைக் கட்டியவனும் கந்தப்பனுக்குப் பங்காளி முறைதான். அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். போன வருடம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் வட்டகொடை ஸ்டேசனில் ரயிலேற்றி, தலைமன்னார் போய், கப்பலேறி இந்தியாவுக்கே போய்விட்டார்கள். ரயில் வளைவில் திரும்பும்போது வேலாயி கையைக்கூட ஆட்டவில்லை. கைக்குழந்தையின் தலையில் மழை விழாமல் முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

கந்தப்பன் வெளியே வந்தான். சோலைமலை காகிதத்தை விரித்தார்.

"ஒன் மனுவத் தள்ளப் போறாங்களாம். காரணமும் போட்டிருக்கு. இந்தியாவுல முசிறிப் பக்கம் ஒரு ஊர்க்காரன்னு நீயே சொல்லியிருக்கியாம்."

"நானா?"

"ஒன் வாயாலதான்."

கந்தப்பன் யோசித்தான். "ஊரு எதுன்னு கேட்டாங்க தலைவரே. சொன்னேன். தெரியாதுன்னா சொல்லுவாங்க?"

"வட்டகொடைன்னு சொல்லியிருக்கணும்."

"வட்டகொடை ஸ்டேசன் பேருல்ல?"

"அப்ப இது என்னா?" சோலைமலை காலால் தரையைத் தட்டினார்.

"இது தோட்டம்."

அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த ராக்காயி சிரித்தாள். "அண்ணன ஸ்டேசன்ல பெத்துப்போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்."

யாரும் அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவளும் முறத்தை நிறுத்திவிட்டாள்.

கந்தப்பன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தேயிலை மலையும் லயமும் தேயிலை அரைக்கிற இஸ்டோரும் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவமும் சேர்ந்தது தோட்டம். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. இந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கந்தப்பன் பிறந்தது இதே காம்பராவில், கொழும்பைக்கூடப் பார்த்ததில்லை. அவனுடைய அப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த கடைசி நாட்களில், ஊர்ப்பேரையும் குலசாமி பேரையும் மூன்று முறை அவனைச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ஒரு ஆபீசர் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து அவனிடம் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

"கொலசாமி பேரையும் சொன்னேன்," என்றான் இப்போது. "அதையும் எழுதிக்கிட்டாரு."

சோலைமலை காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, பதில் எழுதிப் போடுவதாகவும், ஆபீசர் லயத்துக்கே நேரில் வந்து பார்க்கும்படி கேட்பதாகவும் சொன்னார்.

"என்னைக்கு வருவாங்கன்னு தெரியாது. கேட்டா வட்டகொடை. ரெண்டு பேரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வட்டகொடை." படியிறங்கப் போனவர் திரும்பினார். "ஊர்லேருந்து கடிதாசி வருதா?"

"தங்கச்சி போடுவா," என்றாள் அம்மாக்கண்ணு.

"வீட்டுல இருக்கக் கூடாது. தேடிப் பாத்தாலும் பாப்பாங்க."

ஏழு கடிதங்கள் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் சோலைமலைதான் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் எந்தக் கடிதத்தில் எது இருக்கிறது என்று மடிப்பைப் பார்த்தே அவளால் சொல்ல முடியும். 'இங்க எங்கள சிலோன்காரின்னுதான் கூப்புடுறாங்க அக்கா, கெணத்தடியில எடம் விட மாட்டேங்கிறாங்க' என்பது நாலாவது. அடுப்பில் வைத்தாள். நமத்துப்போன காகிதம் லேசில் பற்றவில்லை. ஊதி ஊதித்தான் எரிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தப்பன், "போதும், அதுவே எரியும்," என்றான். அவள் நிறுத்தவில்லை.

அந்த வருடம் பூத்ததுபோல அவள் வாசல் எந்த வருடமும் பூத்ததில்லை. பங்களாத் தோட்டக்காரன் வேண்டாமென்று எறிந்த கிழங்கில் முளைத்த டேலியா, வெற்றிலை எச்சில் நிறத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக விரிந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கல்வாழை சிவந்து நின்றது. காசித்தும்பை கால் வைக்க இடமில்லாமல் மண்டிவிட்டது. கல்லடுக்கு ஓரமாக மஞ்சள் மஞ்சளாகச் செவ்வந்தி, ஒவ்வொன்றும் பிள்ளையின் கைமுட்டி அளவு. மலையெல்லாம் மூட்டமும் தண்ணீருமாகக் கிடக்க, அந்த ஒரு துண்டு வாசல் மட்டும் கலியாண வீடுபோல இருந்தது. கொழுந்தெடுத்து, அட்டை கடித்த காலோடு கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். மற்ற வருடங்களில் ஒன்றைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொள்வாள். இந்த வருடம் கை போகவில்லை. யாருக்காக இப்படிப் பூக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த பங்குனியில் இந்தக் காம்பராவில் யார் இருப்பார்களோ, அவர்களுக்குப் பூ பிடிக்குமோ பிடிக்காதோ. பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டாலும் நடுவார்கள். மரவள்ளியாவது வயிற்றுக்கு ஆகும்.

சோலைமலைக்கு மட்டும் பூக்களைப் பார்த்ததில் தெம்பு. "ஒரு எடத்துல நெலையா இருக்கிறவந்தான் பூச்செடி வப்பான். ஆபீசர் பாக்கட்டும், பூவே சாட்சி சொல்லும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் தினமும் அவள் கேட்பாள்.

"ஒங்க ஊரு எது?"

கந்தப்பன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சொல்லுங்க."

"வட்டகொடை."

"இம்புட்டு மெல்லச் சொன்னா என்னத்த எழுதுவாரு?"

"அப்பன் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு புள்ள."

"கேட்டாக் கேக்கட்டும். அவரையும் இந்த மண்ணுலதான பொதச்சோம்."

சொன்ன பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. அவன் ரொட்டியைத் தொடாமல் எழுந்து, கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குள் இறங்கிப் போனான்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் வந்தார்கள். மலையிலிருந்த அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு ஆள் வந்தது. ஓடிவந்தபோது இளவயது ஆபீசர் மழைக்கோட்டோடு கூரை இறவாணத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பைலும் குடையுமாக வயதான மொழிபெயர்ப்பாளர். ஆபீசர் இங்கிலீசில் கேட்டதை அவர் தமிழில் கேட்டார். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சாக இருந்தது.

"உங்கட ஊர் எது?"

"வட்டகொடைங்க," என்றான் கந்தப்பன். ராக்காயியின் காம்பராவுக்கும் அதற்கு அடுத்ததற்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கட?"

"வட்டகொடைங்க," என்றாள் அவளும்.

இந்தியாவில் காணி உண்டா, இல்லை. போய் வந்ததுண்டா, இல்லை. கடிதம் வருமா, இல்லை. ஆபீசர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை மூடினார். அம்மாக்கண்ணு அப்போதுதான் முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள்.

மழை வலுத்தது. அவர்கள் போகவில்லை. ஆபீசர் வாசலைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"துரைக்கு உங்கட பூக்கண்டெல்லாம் நல்லாப் பிடிச்சிருக்காம். ஆர் வைச்சது எண்டு கேக்கிறார்."

"நாந்தாங்க."

"அந்த மஞ்சள் பூ இவ்வளவு பெரிசாத் தான் காணயில்லையாம். என்ன பேர்?"

"ஊர்ப்பூங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

லயத்தில் எல்லாரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். ராக்காயி ஒரு செடி கேட்டபோதும் ஊர்ப்பூ ஒன்று தா என்றுதான் கேட்டாள். வேலாயி கடிதத்துக்குள் பொட்டலமாக மடித்து அனுப்பிய விதை அது. வாயைவிட்டுச் சொல் போன பிறகுதான் அவளுக்கு அது காதில் விழுந்தது. கந்தப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஊர்ப்பூவோ," என்றார் நிதானமாக. "எங்கட பக்கம் வீட்டு வளவுக்குள்ளயே பிறந்து வளந்து மேயிறதை ஊர்க்கோழி எண்டு சொல்லுவம். அதுபோலயோ?"

அவர் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் தலையை அசைத்தாள். அவர் ஆபீசர் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னார். இரண்டு சொல்லில் முடியவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அதற்குள் முசிறி வருகிறதா, வட்டகொடை வருகிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டும் வரவில்லை. ஆபீசர் தலையாட்டினார். கையை நீட்டிக் காட்டினார்.

"ஒண்டு தருவியளோ எண்டு கேக்கிறார்."

வாசலுக்கு வந்தவர் கேட்டு எப்படி மறுப்பது. மழையில் இறங்கி, கொழுந்து கிள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் ஒரு பூவைக் கிள்ளிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபீசர் முகர்ந்து பார்த்தார். வைக்க இடம் தேடினார். மழைக்கோட்டில் பை நனைந்திருந்தது. பைலை வாங்கித் திறந்து, கொஞ்சம் முன்பு அவர்கள் பதிலை எழுதிய தாளின் மேலேயே பூவை வைத்து மூடினார்.

மழை சற்று விட்டதும் இருவரும் ஒரே குடையில் படியிறங்கினார்கள்.

"அந்தப் பெரியவரு என்னா சொன்னாரு?" என்றான் கந்தப்பன்.

"தெரியலங்க."

மொழிபெயர்ப்பாளரின் கக்கத்தில் பைல் இருந்தது. மூடியும் முழுதாக மூடாமல் அதன் ஓரத்தில் இரண்டு மஞ்சள் இதழ் துருத்திக்கொண்டிருந்தது. பூவின் தண்ணீர் பழுப்பு அட்டையில் ஊறி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் பரவிக்கொண்டு போவது, தேயிலைக்குள் பாதை திரும்பும்வரை தெரிந்தது.