மூன்றுக்கு ஓர் எலக்ட்ரான்

கொல்லங்கோட்டு வீட்டு மாடியில் மௌனிகா தரையில் கால் பாவாமல் திரிந்தாள். நான்கு வருட ஆராய்ச்சி வெள்ளிக்கிழமை கட்டுரையாகப் போகிறது. தட்டைப் பட்டை எனும் ஏற்றத்தாழ்வில்லாத ஆற்றல் அடுக்கில் மாட்டிய எலக்ட்ரான்களுக்கு ஓடியாடுவதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒன்றுக்கொன்று ஆகாத குணம்தான் மிச்சம். மூன்றில் ஒரு பங்கு இடத்தை மட்டும் நிரப்பினால் என்ன செய்யும்? மூன்று இடத்துக்கு ஒன்றாகச் சம்மணம் போட்டுப் படிகமாகலாம். அல்லது எல்லாம் கூடி, எலக்ட்ரானின் மின்னூட்டமே மூன்றாகப் பிரிந்து திரியும் அபூர்வத் திரவமாகலாம். திரவம்தான் என்று அவள் கணக்கு அடித்துச் சொன்னது. படிகத்தின் சுவடுகூட இல்லை.

தம்பி பிரதீப் மாடியேறி வந்தான். நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதிக்கு அவன்தான் செயலாளர்.

"தண்ணி மொறை ஏகமனதாப் பாசாயிருச்சுக்கா. ஒருத்தரும் எதுக்கல."

"எப்பவும் எதுக்கற ஈஸ்வரண்ணன் கூடவா?"

"அவரு கோயமுத்தூரு போற நாளாப் பாத்துத்தானே கூட்டமே வெச்சேன்."

"எதுக்கறவர உள்ளயே உடாம ஏகமனதுன்னு சொல்றியே, வெக்கமா இல்லயாடா?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தன் கணக்கு நினைவுக்கு வந்தது. கணினியில் அவள் போட்ட மாதிரிக் கட்டம் நாலுக்கு ஆறு, ஓரங்கள் ஒன்றோடொன்று இணைந்தது. நாலு மூன்றால் வகுபடாது; மூன்றுக்கு ஒன்று என்ற வரிசை நாலைச் சுற்றிவந்தால் முட்டிக்கொள்ளும். படிகம் தோற்கவில்லை, அதற்கு உள்ளே வர வழியே இல்லை. திட்டியதில் பாதி தனக்குத்தான் என்று கூசிப் போனாள்.

ஆனைக்கரையில் இருக்கும் டிஜோவை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். நிரல் எழுதிய கூட்டாளி அவன்.

"ரெண்டு பேரும் கண்ணைத் தொறந்துட்டே உறங்கிருக்கோம்," என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தேழு இடமுள்ள புதுக் கட்டத்தில் கணக்கை மறுபடி போட்டார்கள்; அதில் படிகம் தாராளமாக உட்காரும். அது ஜெயித்தால் மிகக் குறைந்த ஆற்றலுள்ள மூன்று நிலைகளும் வெவ்வேறு உந்தங்களில் விழும். திரவம் ஜெயித்தால் மூன்றும் ஒரே உந்தத்தில் விழும். இரண்டு நாள் கணினி ஓடியது.

வியாழன் மத்தியானம் விடை வந்தது. மூன்றும் ஒரே உந்தத்தில், திரவம்தான். ஆனால் மற்ற நிலைகளிலிருந்து அவற்றைப் பிரிக்கும் இடைவெளி, திரவத்தின் உறுதியைக் காட்டும் எண், பழையதில் பாதிதான்.

"பாதியாப் போச்சே, சங்கடமா?" என்றான் டிஜோ.

"இல்ல டிஜோ. சந்தோசந்தான். படிகத்த உள்ள உட்டும் திரவந்தான ஜெயிச்சிருக்கு. செத்த இரு."

கட்டுரையின் முதல் பத்தியில் இடைவெளிக்கு இருந்த பெரிய எண்ணை அழித்துவிட்டு, சின்ன எண்ணைத் தட்டினாள். எந்தக் கூட்டத்திலும் யார் எழுந்து கேட்டாலும் இதை உரக்கச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.