உடையாத சாமான்கள்

“ஹால் எனக்கு, அடுக்களை உனக்கு. பெட்ரூமுக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிடலாம். சரியா?”

“ஹால்ல நீங்க என்னமும் செய்ங்க அத்தான். கண்ணாடி மட்டும் வேண்டாம்.”

“இது ஒண்ணச் சொல்லியே உயிர எடுக்கியேட்டி. சரி, கண்ணாடி இல்ல. போதுமா?”

புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய சமயத்தில், பனவடலிசத்திரத்தில் எப்சிபாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக்கில் பேசிக்கொண்டது அது. பிரவின்ராஜ் சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டான். மனசு நன்றாக இருக்கும்போது அவனைப் போல ஒரு புருஷன் சங்கரன்கோவில் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். மற்ற நேரங்களை நினைத்துத்தான் எப்சிபா அந்த வீட்டுக்குச் சாமான் தேர்ந்தெடுத்தாள்.

அடுக்களை அலமாரிக்குக் கடப்பாக் கல். சாப்பாட்டு மேசை சுவரோடு சேர்ந்த சிமெண்டுப் பலகை. தட்டு, தம்ளரெல்லாம் எவர்சில்வர். தூக்கி எறிய முடியக் கூடாது, எறிந்தாலும் உடையக் கூடாது. வாடகை வீட்டில் அவன் எதை உடைத்தாலும் மறுநாளே அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து இறங்கும். டிவி அப்படித்தான் பெரிதானது. “உங்க வீட்டுக்காரருக்குக் கை தாராளம்” என்பாள் பக்கத்து வீட்டு ஏஞ்சல். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பின் மீது எப்சிபா முடியை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

குடிபோவதற்கான பிரதிஷ்டை ஜெபம் நெருங்கிய ஒரு காலையில், வேலையைப் பார்க்கலாம் என்று அவன் அவளைப் புது வீட்டுக்குக் கூட்டிவந்தான். ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே பூப்போட்ட பீங்கான் தட்டுகள். தச்சர் நஜ்முதீன் கடைசிக் கதவுக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு? உனக்குச் சொல்லாமலே முடிச்சுட்டோம்லா.”

“கண்ணாடி வேண்டாம்னு சொன்னேனே அத்தான்.”

“பாத்தா பிடிக்கும்னு நெனச்சேன். பாய், நீங்க சொல்லுங்க. நல்லாயில்லையா?”

“வீட்ல உள்ளவங்களுக்குப் பிடிக்கணும் தம்பி” என்று நஜ்முதீன் ஸ்க்ரூவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“எடுத்துருங்க பாய்” என்றாள் எப்சிபா.

“எடுக்கணுமோ?” அவன் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அவள் கால் தன்னாலே சுவரோரம் ஒதுங்கியது. “எல்லாம் கல்லு, எல்லாம் சிமெண்டு. பிரவின் வீடு கட்டியிருக்கானா, குடோன் கட்டியிருக்கானான்னு ஊரு சிரிக்கும்ட்டி.”

“சிரிச்சிட்டுப் போகட்டும்.”

தச்சரின் சுத்தியல் அவன் கைக்கு எப்படிப் போனதென்று யாரும் பார்க்கவில்லை. நடுக்கதவு பொடிப்பொடியாகக் கொட்டியது. “எடுக்கணும்னியே, இந்தா எடுக்கேன்” என்று அவன் அடித்துக்கொண்டே போனான். பீங்கான் சில்லு ஒன்று தெறித்து அவள் கழுத்தைக் கீறியது. கையிலிருந்து நழுவிய சுத்தியல் அவள் காதோரம் பாய்ந்து, புதுப் பெயிண்டைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. நஜ்முதீன் குறுக்கே ஓடிவந்தார். பிரவின்ராஜ் அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். கண்ணாடிச் சில்லுகளின் மேல் கையை ஊன்றி விழுந்தார் மனுஷன். வெள்ளை டைல்ஸில் ரத்தம் பரவியது.

அதைப் பார்த்ததும் பிரவின்ராஜின் தோள்கள் தளர்ந்தன.

“பாய், வேணும்னு தள்ளலை. எப்சி, அழாத. நாளைக்கே வேற கண்ணாடி போட்டுருதேன். இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, எவ்வளவு அடிச்சாலும் தாங்கும்.”

எப்சிபா அழவில்லை. முந்தானையைக் கிழித்து நஜ்முதீனின் உள்ளங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவனிடம் கல் கேட்டிருக்கிறாள், சிமெண்டு கேட்டிருக்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வந்ததில்லை. இப்போது வெளி மனுஷர் ஒருவரின் ரத்தம் அவள் விரல்களில் சூடாக ஒட்டியிருந்தது.

முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“தாங்குத சாமானு இனி எனக்கு வேண்டாம் அத்தான்” என்றாள். “கோவம் வந்தா நீங்க கை ஓங்கக் கூடாது. என் மேலயும் சரி, எது மேலயும் சரி. அத மட்டும் எனக்குத் தாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் இந்த வீட்டுக்குக் குடிவரலை.”