இடது பக்க இருக்கை

மனைவி தாயாரம்மாளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று சம்பந்தம் முடிவு செய்து மூன்று மாதம் ஆயிற்று. மகன் சூர்யா மேடவாக்கத்தில் தன் வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தான். சேலையூர் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் அங்கே வந்துவிட வேண்டும் என்றான். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பேச்சில்லை என்றாள் தாயாரம்மாள்.

டாக்டரிடம் நேரம் வாங்கியதும் அவள்தான். அதைத் தைரியம் என்று சம்பந்தம் எடுத்துக்கொண்டார்.

அவர் முப்பத்தாறு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். எஞ்சினில் இரண்டு பேர். டிரைவர் இடது பக்கம், அசிஸ்டெண்ட் வலது பக்கம். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் திருப்பிச் சொல்வது குற்றம். ஓய்வு பெற்றதும் இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கேஸ்?" என்பார். "ஆஃப்" என்பாள். "மோட்டார்?" "ஆஃப்." "பின் கதவு?" "தாப்பா போட்டாச்சு." பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. பக்கத்து வீட்டு பேபி மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வண்டி எத்தினி மணிக்கு எடுக்கிறாரு?" என்பாள்.

டாக்டர் மிருதுளாவின் அறை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது. ஜன்னல் வழியே மின்சார ரயிலின் ஹார்ன் கேட்டது.

"யாருக்குப் பார்க்கணும்?"

"இவளுக்கு. நான் கூட வந்தவன்."

"ரெண்டு பேரையும் பார்த்துடறேன். என்ன நடந்தது சார்?"

சம்பந்தம் அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். "போன வெள்ளிக்கிழமை. பால் பாத்திரம் அடுப்புல கரியா கீது. கேஸ் எரிஞ்சுகினே கீது. வூடெல்லாம் புகை. நான்தான் பார்த்து அணைச்சேன். மணி பதினொண்ணு இருபது."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு தாயாரம்மாளிடம் மூன்று வார்த்தைகள் சொன்னார். கொய்யா, துடைப்பம், கோயில். அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள். ஐந்து நிமிடம் கழித்து மூன்று வார்த்தைகளையும் கேட்டார்.

"கொய்யா, துடைப்பம், கோயில். கொய்யா விக்கிற விலைக்கு மறக்குமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். சம்பந்தமும் சிரித்தார். இன்று அவளுக்கு நல்ல நாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

அடுத்து அவர் முறை. அவருக்கு வேறு மூன்று. குடை, எலுமிச்சை, பாலம். உரக்கச் சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பினார். தாயாரம்மாள் திருப்பிச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் வரைந்தார். வட்டம் நன்றாக வந்தது. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை இருக்க வேண்டிய பாதியிலேயே பன்னிரண்டு எண்களும் தீர்ந்துபோயின. மறுபாதி வெறுமையாக இருந்தது.

"பேப்பர் சின்னது," என்றார்.

"பரவாயில்லை சார். அந்த மூணு வார்த்தை?"

"குடை." காத்திருந்தார். "மத்ததை இவ சொல்லுவா."

தாயாரம்மாள் சொல்லவில்லை.

டாக்டர் முதலில் எழுதிய குறிப்பைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பால் கரிஞ்சப்போ அம்மா எங்க இருந்தாங்க?"

"பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தா, பேபியோட. பன்னண்டரைக்கு மல்லிச் செடியோட வந்தா."

"எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?"

"எட்டே முக்கால் வண்டி."

சொல்லிவிட்டு நிறுத்தினார். எட்டே முக்கால். பதினொன்று இருபது. ஒரு பாத்திரம் பால் அவ்வளவு நேரம் தாங்காது. இரண்டு நேரங்களையும் மறுபடி ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறு விடை வரவில்லை.

"டீ போட வச்சிருப்பேன்," என்றார்.

தாயாரம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் டாக்டருக்கு போன் பண்ணி எல்லாம் சொன்னேன்," என்றாள் தாயாரம்மாள். "உங்களுக்குன்னு சொன்னா வந்திருப்பீங்களா? ஒரு வருஷமா நீங்க கேஸ்னு கேக்கறீங்க. நீங்க எரியவுட்ட அடுப்பை நான் போய் அணைச்சிட்டு வந்து ஆஃப்னு சொல்றேன்."

"சூர்யா கிட்ட சொன்னியா?"

"மொதல்ல டாக்டரு. அப்புறம் நீங்க. அப்புறம்தான் அவன்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லாம இருந்தது என் தப்பு. டிரைவர் சிவப்பைத் தாண்டும்போது அசிஸ்டெண்ட் பிரேக்கைப் புடிக்காம பார்த்துகினு இருந்தா அவனுக்கும் வேலை போவும்னு நீங்கதானே சொல்வீங்க. புடிச்சிட்டேன்."

தன் வண்டியில் ஏறிய ஒவ்வொரு அசிஸ்டெண்டிடமும் அவர் சொன்னது அது.

டாக்டர் எளிமையாக விளக்கினார். வயதானால் மூளையில் சில செல்கள் வேலையை நிறுத்திவிடும். ஆனால் சாகாது. அங்கேயே இருந்துகொண்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். மறதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது.

"ஒரு வேகன்ல அச்சு சூடான மாதிரி," என்றார் சம்பந்தம். "கழட்டித் தனி லைன்ல வுட்டுடணும்."

"கழட்டுற மருந்து இன்னும் வரலை சார். சோதனையில இருக்கு."

"அதுவரைக்கும் வண்டி ஓடுமா?" என்று தாயாரம்மாள் கேட்டாள்.

"ஓடும்மா. இது ஆரம்பம்தான். சிலருக்கு வருஷக்கணக்கா இதே நிலையில நிக்கும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ஸ்கேன் பார்ப்போம். தினமும் நடக்கட்டும், நல்லா தூங்கட்டும். அடுப்பு மட்டும் தனியா வேண்டாம்."

"அது என் பொறுப்பு," என்றாள் தாயாரம்மாள்.

கீழே ஆட்டோ நின்றது. சம்பந்தம் வழக்கம்போல் இடது பக்கம் ஏறப் போனார். "நகருங்க," என்றாள். அவர் உள்ளே வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கம் அவள் உட்கார்ந்தாள்.

கேம்ப் ரோடு தாண்டும்போது சூர்யா கூப்பிட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். "அப்போ இந்த வாரமே ஷிஃப்ட் பண்ணிடுங்கம்மா," என்றான்.

"அந்த ரூம்ல உன் ஹெல்மெட்டெல்லாம் வச்சிக்கோ."

"அம்மா, விளையாடாத. அப்பாவுக்கு..."

"அப்பாவுக்கு அந்தத் தெரு தெரியும், வூடு தெரியும், பேபியைத் தெரியும். உன் அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் பட்டனே தெரியாது. ஞாயித்துக்கிழமை வந்து, கேஸ் தானா அணையிற மாதிரி ஒண்ணு விக்குதாமே, அதை மாட்டிக்குடு. என்னால முடியலைன்னா நானே சொல்றேன். நான் சொல்லுவேன்னு உனக்கு இன்னிக்கித் தெரிஞ்சிருக்கணும்."

போனைப் பைக்குள் போட்டாள். சம்பந்தம் தன் பக்கத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் காப்பி முடிந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"கேஸ்?"

அவர் சற்று நேரம் அவளைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பின் இரண்டு திருகுகளையும் தொட்டுப் பார்த்தார். குனிந்து சிலிண்டரையும் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஆஃப்."

தாயாரம்மாள் எழுந்து போனாள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆஃப்."

"நம்பலியா என்னை?"

"ரூல்ஸு. மோட்டார்?"

அவர் பின்பக்கம் நடந்தார்.