அரைக் கிளட்ச்

…இடது கால் தரையில்தான் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும், வண்டி இரண்டாவது கியரில் சந்தை ரோட்டுக்குள் நுழைந்தாயிற்று, இனி கிளட்ச் பக்கம் கால் போகக் கூடாது, கியர் மாற்றும்போது ஒரு மிதி, மாற்றியதும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், எனக்கு மட்டும் என்ன கேடு… மெக்கானிக் பழைய கிளட்ச் தகட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டியபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வெந்து, கறுத்து, அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல? இந்த வண்டிய வேற யாராவது ஓட்டுறாங்களா? பிளேட்டப் பாத்தா இப்பதான் கத்துக்கிற ஆள் ஓட்டின மாதிரி இருக்கு." மகன் ஓட்டுவான் என்றேன், கொஞ்சமும் கூசாமல். பாவம் அவன், இந்த வண்டியைத் தொட்டே எத்தனையோ காலமாகிறது, அவன் பேரில் இன்னொரு பழி, இருந்துவிட்டுப் போகட்டும், அவன் மட்டும் என் பேரில் எத்தனை சொல்லியிருப்பான். "அப்ப அவர்கிட்ட சொல்லுங்கக்கா. கால் கிளட்ச் மேலயே கிடந்தா, அரைக் கிளட்ச்லயே ஓட்டினா, எந்தப் பிளேட்டும் தாங்காது. இப்பப் போட்டிருக்கிறதே ஒரு உடைஞ்ச வண்டியிலேர்ந்து கழட்டினது. கம்பெனிக்காரன் இத செய்யறதயே நிறுத்திட்டான். இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க, எனக்கும் வழி தெரியல." சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தணிந்த குரலில், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பக்கத்து சீட்டில் இவர். ஏறும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்துச் சாத்தினார், இந்த வண்டிக் கதவு அப்படித் தூக்கினால்தான் மூடும், யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, சட்டைப் பொத்தானை எந்த ஓட்டையில் போடுவது என்று காலையில் திணறிய அதே கைதான். பட்டறையில் என்னை விட்டுத் தள்ளி, டயர்களுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது, போன தடவை அப்படி விட்டுப் போனதற்கு, வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றிருந்தார், உள்ளே போக வழி தெரியாமல், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு. என்ன மனுஷன் இவர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற வேலை, இவர் தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும், குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய ஆள், வீட்டிலும் விடமாட்டார், காபியில் குறை, கதவுச் சத்தத்தில் குறை, நான் மடித்து வைக்கிற துணியில் குறை. வாய் ஓயாது. இப்போது காலையில் காபியைக் கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்கிறார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறார், வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரம்மாவிடம் கேட்கிற மாதிரி. நீங்க, வாங்க, போங்க, மன்னிச்சுக்குங்க. கல்யாணமாகி இத்தனை காலத்தில் என்னிடம் மன்னிப்பு கேட்காத மனுஷன், இப்போது குளியலறை வாசலில் எதிரே வந்துவிட்டால் கூடக் கேட்கிறார். எனக்கு அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் அப்படியே ஒரு அறை விடலாமா என்றிருக்கிறது, பிறகு அழுகை வருகிறது, இரண்டில் எதையும் செய்ய முடிவதில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், இவர் நினைவு இனி போகப் போகக் குறையும், திரும்பி வராது என்று. வண்டியை எப்படி எடுத்தேன், எந்த வழியாக வந்தேன், ஒன்றும் ஞாபகமில்லை, மனசு எங்கேயோ, கால் எங்கேயோ, கிளட்ச் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருக்கிறது. "காலை எடுடி." பக்கத்திலிருந்து குரல். "எத்தனை தடவ சொல்றது? அது என்ன உன் தையல் மெஷினா, மிதிச்சுக்கிட்டே இருக்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே குரல், அதே எரிச்சல், 'டி' மேல் விழுகிற அதே அழுத்தம். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இவர் முகத்தைப் பார்த்தேன், "ரோட்டப் பாரு, என்னை எதுக்குப் பாக்குற" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் "ரொம்ப நன்றிம்மா" என்று கும்பிட்டார். அவ்வளவுதான், போய்விட்டார். தையல் மெஷின்… அது நிஜம்தான், கல்யாணத்துக்கு முன்னிருந்தே ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துத் தைத்து என் கால் சும்மா இருக்கத் தெரியாத கால், ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் அது கிளட்சைவிட்டு இறங்கவே இறங்காது, அதற்கு இவர் திட்டிய திட்டு கொஞ்சமா, நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறேன், நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். திட்டித் திட்டித்தான் அந்தப் பழக்கத்தை விட்டேன். விட்டதை மறுபடி பிடித்துக்கொண்டேன், மறுநாளே, வேண்டுமென்றே.

வேண்டுமென்றேதான், யாரிடம் மறைப்பது. மருந்து வாங்க வேண்டும் என்று கிளம்புவேன், மருந்து வீட்டில் இருக்கும். காய்கறி, தபால், செருப்புக்குத் தையல், ஏதாவது ஒரு சாக்கு. இரண்டு தெரு தாண்டியதும் காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் லேசாக வைப்பேன், இஞ்சின் உறுமும், வண்டி சோம்பேறித்தனமாகப் போகும், நான் காத்திருப்பேன், தப்பு செய்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. காலை எடுடி. வந்துவிடும். சில நாள் அதோடு நிற்காது, "உங்கண்ணன் ஓட்டுறதப் பாத்து கத்துக்கிட்டியா" என்று என் அண்ணனையும் இழுப்பார், எனக்கு உச்சி குளிர்ந்துபோகும், என் அண்ணனைத் திட்டக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பிறகு ஒரு கருகல் வாடை வர ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி நகராது, பின்னால் பஸ்காரன் ஹாரனை அடித்து நொறுக்குவான். எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தேதான் வைத்தேன். அந்த வீட்டில் நான் வீட்டுக்காரம்மா, இந்த வண்டிக்குள் ஏறினால்தான் இவருக்குப் பெண்டாட்டி, அந்த இடத்தை நானே மிதித்து மிதித்துப் பொசுக்கியிருக்கிறேன்.

மகனுக்கு இதெல்லாம் தெரியாது, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா ஓட்டை வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதுதான். நேற்றும் போன். "எதுக்கும்மா இந்த டப்பாவோட மல்லுக்கட்டற? நடுவழில நின்னுட்டா அப்பாவ வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" நியாயமான கேள்விதான். பின்னாலிருந்து மருமகள், "அத்தை, புது வண்டியில கிளட்ச்சே கிடையாது, பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான், உங்க காலுக்கு எவ்ளோ சுகம் தெரியுமா." கிளட்ச்சே கிடையாதாம். நல்ல பெண், என் கால்வலியை நினைத்துச் சொல்கிறாள், அவளிடம் என்னத்தைச் சொல்ல. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான், காட்டுவதற்கு. இவர் தானாகப் பின் சீட்டில் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஒரு சுற்று போய்விட்டு வந்தோம், வழியெல்லாம் வாயே திறக்கவில்லை, தெரு முனை வந்ததும் முன்னால் குனிந்து, "இந்த முக்குல இறக்கி விட்டுடுங்க தம்பி, நான் நடந்துக்கிறேன்" என்றார் மகனிடம். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், என்னால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான், பெற்ற தகப்பன் தம்பி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் தாங்கும். இந்தச் சனிக்கிழமை வந்து பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போகிறானாம். டேய், உங்கப்பா என்னைத் திட்டணும்டா, அதுக்கு ஒரு கிளட்ச் வேணும்டா என்று சொல்ல முடியுமா… சொன்னால் என்னையும் அந்த டாக்டரிடம் கூட்டிப் போவான்.

சிக்னல். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிட்டேன், பாருங்கள், முறைப்படி. பச்சை விழுந்ததும் ஒரே மிதி, முதல் கியர், மெதுவாக விட்டதும் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, புதுத் தகடு, பழைய வண்டியின் புதுத் தகடு, நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்வார், கிளட்ச்தானா குறை, நான் ஓட்டுவதில் வேறு குறையா இல்லை? திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் விட்டேன், டிக்கு டிக்கு என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, வண்டிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை, இவர் காதில் விழாமல் இருக்குமா. ம்ஹூம். முன்னால் போகிற லாரிக்கு முட்டுகிற மாதிரி ஒட்டிப் போனேன், கடைசியில் நானே பயந்து பிரேக்கை மிதித்தேன். தேவையில்லாத இடத்தில் ஹாரன் அடித்தேன், சைக்கிளில் போன ஒரு ஆள் என்னைத் திரும்பிப் பார்த்துத் திட்டினான், இவர் திட்டவில்லை. எல்லாக் குறையும் போய்விட்டது போலிருக்கிறது, அந்த ஒரு குறைதான் இவரிடம் மிச்சம் இருந்திருக்கிறது. மேம்பாலம் வந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், ஏறிவிட்டது, ஒரு முக்கல் முனகல் இல்லை. இந்த வேகத்தில், இந்த மாதிரி ஓட்டினால் இந்தத் தகடு எங்கள் காலத்துக்கும் வரும். எதற்கு வர வேண்டும், யாருக்காக வர வேண்டும், பேசாத மனுஷனை உட்கார வைத்துக்கொண்டு ஊர்வலம் போகவா? கால் தூக்கிப் பார்க்கிறது. ஒரே ஒரு தடவை, ஒரு தடவையில் என்ன தேய்ந்துவிடும் என்கிறது. வேண்டாம், அப்படித்தான் போன தகட்டுக்கும் சொன்னாய்.

"நல்லா ஓட்டுறீங்க."

இவர்தான். நிஜமாகவே மனசு நிறைந்து, என் பக்கம் பாதி திரும்பிச் சொல்கிறார். ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காக நான் செய்யாத தவம் இல்லை, கடைசியில் வந்துவிட்டது, 'றீங்க' போட்டு வந்திருக்கிறது. நன்றி என்றேன், வேறென்ன சொல்வது. "எங்க வீட்ல ஒருத்தி இருக்கா" என்றார், "தலைகீழா நின்னு சொல்லியாச்சு, கால் கிளட்ச் மேலயேதான் கிடக்கும். எடுக்கவே மாட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டும்போது இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லையே, அல்லது ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரியவில்லையா, இத்தனை காலம் இப்படிச் சிரித்துக்கொண்டா திட்டினார்… மெல்லக் கேட்டேன், "அவங்க இப்ப எங்க?"

"வருவா. எங்கயாவது நின்னு பேசிக்கிட்டிருப்பா, வாய் ஜாஸ்தி அவளுக்கு." கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார், உடம்பு பரபரத்தது. "நீங்க கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன். அவ வந்துடட்டும். நாம பாட்டுக்குப் போயிட்டா பாவம், வந்து தேடுவா."

நிறுத்தினேன். ஒரு மருந்துக் கடைக்கு முன்னால், பெரிய மரத்து நிழலில், இஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தை நீட்டி, வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கிறார், இல்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆளைப் பார்க்கிறார். எனக்கும் என்னமோ அந்தப் பக்கமே பார்க்கத் தோன்றுகிறது. பொறாமையாகக் கூட இருக்கிறது, என்னை யாரும் இப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை என்று நினைத்துவிட்டு, அடி பைத்தியமே, உன்னைத்தான் பார்க்கிறார் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இறங்கிவிடலாமா? அந்த மூலை வரைக்கும் போய், அவசரமாக வருகிற மாதிரி நடந்து வந்து, பின் கதவைத் திறந்து உட்கார்ந்தால், எவ்வளவு நேரம்டி என்று ஆரம்பிப்பாரா… ஆரம்பிப்பார் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டால், அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது?